15,000 ரூபாயில் 40 பேருக்கு மொட்டை மாடிப் பிறந்தநாள்: முழுமையான வழிகாட்டி

பிறந்தநாள் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் பலூனில் கை வைப்பார்கள். 200 ரூபாய் மிச்சமாகும். அதற்குள் "வீட்டோட வந்துடுங்க" என்று போனில் சொன்ன ஒரு வார்த்தையால் 12 பேர் கூடியிருப்பார்கள். சாப்பாட்டில் 2,000 ரூபாய் ஏறியிருக்கும். செலவைத் தீர்மானிப்பவை மூன்றே: எத்தனை பேர், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில். இவை முடிவாகும் முன் கடைப் பக்கம் போகவே கூடாது.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஐந்து வயதுக் குழந்தையின் பிறந்தநாள். வீட்டு ஆட்களையும் சேர்த்து 25 பெரியவர்கள், 15 பிள்ளைகள். இடம் சொந்த வீட்டு மாடி, அல்லது குடியிருப்புச் சங்கம் அனுமதித்த மாடி. ஞாயிறு மாலை, இரவுச் சாப்பாட்டோடு. விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். கீழே உள்ள தொகைகளைத் தோராயமாகவே எடுத்துக்கொண்டு, உங்கள் கடையில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். அளவுகளை மட்டும் மாற்ற வேண்டியதில்லை.

முதலில் தொகையைப் பிரித்து ஒரு தாளில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்:

சாப்பாடு, தண்ணீர், இலை: 6,500
கேக்: 1,800
நாற்காலி, மேசை, பாத்திரம், விளக்கு வாடகை: 1,500
ரிட்டர்ன் கிஃப்ட்: 1,500
குழந்தைக்கு உடை: 1,500
அலங்காரம்: 900
கைவசம்: 1,300

கடைசி வரியைத் தொடாமல் வைப்பதுதான் கஷ்டம். கேஸ் தீர்ந்துபோவது, கூடுதல் பால், ஆட்டோ, திடீரென வரும் ஐந்து பேர் எல்லாம் அதிலிருந்துதான் போகும். மொய்ப் பணம் வரும், சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பிறந்தநாளுக்குப் பெரும்பாலும் வருவது பொம்மைதான், அதிலும் ஒரே மாதிரி மூன்று கார்.

நாளும் நேரமும் (நான்கு வாரம் முன்பே)

காலண்டரில் முகூர்த்த நாளைப் பாருங்கள், ஆனால் தவிர்ப்பதற்காக. அன்று பூ விலை ஏறும், வாடகைக் கடையில் நாற்காலி இருக்காது, சமையல் மாஸ்டர் போன் எடுக்கமாட்டார். வருபவர்களுக்கும் இரண்டு கல்யாணம் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் பந்தல் கடைக்காரர்கள் சும்மா இருப்பார்கள். அப்போது பேரம் படியும். பிறந்த தேதி எதுவானாலும் நட்சத்திரப் பிறந்தநாளில் காலையில் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு, விழாவை வசதியான ஞாயிறுக்குத் தள்ளிவைப்பதில் தவறில்லை. அசைவம் போடுவதானால் அமாவாசை, பௌர்ணமி, கிருத்திகை, புரட்டாசி மாதம் இவற்றைச் சரிபாருங்கள். புரட்டாசியில் கோழி விலை இறங்குவது உண்மைதான், ஆனால் சாப்பிட ஆள் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. அழைப்பில் 5 மணி என்று போட்டால், ராகு காலம் பார்ப்பவர்கள் 6 மணிக்கு மேல்தான் வீட்டை விட்டே கிளம்புவார்கள். பார்க்காத இளசுகள் 5 மணிக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பிரிந்து பிரிந்து வரும் கூட்டத்துக்கு இரண்டு முறை ஜூஸ் கலக்க வேண்டியிருக்கும். அதனால் அழைப்பில் 6 மணி, கேக் வெட்டுவது 6.45, பந்தி 7.30. ஒன்பதுக்குள் முடித்துவிடலாம். ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிதான் சட்டப்படி எல்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரரின் எல்லை அதற்கு முன்பே வந்துவிடும்.

15,000 ரூபாயே அதிகம் என்றால் பொருளைக் குறைக்காதீர்கள், நேரத்தை மாற்றுங்கள். சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்தால் கேக், சுண்டல், சமோசா, எலுமிச்சை ஜூஸோடு முடிந்துவிடும். ராகு காலமும் அன்று காலையிலேயே போய்விடும். இன்னொரு வழி, ஞாயிறு காலை 9 மணி டிபன்: இட்லி, பொங்கல், வடை, கேசரி. ஒரு லிட்டர் மாவில் 18 முதல் 20 இட்லி வரும். தலைக்கு மூன்று என்று வைத்தால் 40 பேருக்கு ஏழு லிட்டர் மாவு போதும். பிரியாணிச் செலவில் பாதிகூட ஆகாது. இரண்டுக்கும் நடுவில், மாலை 7 மணிக்கு அழைத்துவிட்டு "லேசா டிபன்தான்" என்பது மட்டும் வேண்டாம். ஏழு மணிக்கு வந்தவர் வீட்டில் அன்று இரவு அடுப்பு எரியாது.

யாரை, எப்படி அழைப்பது

பெயர்ப் பட்டியலை வீடு வீடாக எழுதாமல் தலை தலையாக எழுதுங்கள். "சித்தப்பா வீடு" என்பது ஒரு வரி, ஆனால் ஆறு இலை. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பெரியவர் அல்லது பிள்ளை, சைவம் அல்லது அசைவம் என்று குறியுங்கள். சாப்பாட்டுக் கணக்கு முழுவதும் இந்தத் தாளிலிருந்துதான் வரப்போகிறது.

பள்ளித் தோழர்களின் பெற்றோருக்கு வாட்ஸ்அப் போதும், ஆனால் வாசகம் தெளிவாக இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்: "ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழந்தையைக் கொண்டுவந்து விடுங்கள். 8.30-க்கு வந்து கூட்டிக்கொண்டு போகலாம். சாப்பாடு உண்டு. எந்த உணவாவது ஒத்துக்கொள்ளாது என்றால் சொல்லிவிடுங்கள்." இதில் பெற்றோருக்கு விழாவில் வேலையில்லை என்பது மரியாதையாகவே புரிந்துவிடும். "குடும்பத்தோடு வருக" என்று எழுதிவிட்டு, வந்தபின் முகம் சுளிப்பதில் அர்த்தமில்லை.

உறவுக்குப் போன்தான். தாய்மாமனுக்கும் அத்தைக்கும் வாட்ஸ்அப்பில் மட்டும் அழைப்பு போனால் அந்தப் பேச்சு அடுத்த பிறந்தநாள் வரை ஓடும். முதலில் அவர்களிடம் பேசிவிட்டு, பிறகு படத்தை அனுப்புங்கள். தாய்மாமனிடம் முன்கூட்டியே பேசுவதில் இன்னொரு நன்மையும் உண்டு. பல வீடுகளில் உடை எடுப்பது அவர் முறை. அவர் எடுக்கிறார் என்று தெரிந்தால் பட்டியலில் 1,500 அப்படியே கைவசத்துக்குப் போகும். தெரியாமல் இரண்டு பேரும் எடுத்தால் ஒரு உடை பீரோவில் தூங்கும்.

வியாழக்கிழமை மாலை, வருவார்களா என்று உறுதிசெய்ய ஒரு சுற்றுப் பேசுங்கள். "பார்க்கலாம்" என்று சொன்னவர்களில் பாதிப் பேரைக் கணக்கில் வையுங்கள். வெள்ளி காலையில் எண்ணிக்கையை மூடிவிட வேண்டும், ஏனென்றால் அன்றுதான் பிரியாணிக்காரருக்குக் கடைசி எண் சொல்ல வேண்டும்.

சாப்பாடு: பணம் போவதும் பெயர் நிற்பதும் இங்கேதான்

ஒரு சாதம், ஒரு தொட்டுக்கொள்ள, ஒரு இனிப்பு, கடைசியில் தயிர் சாதம். இதற்கு மேல் ஒவ்வொரு ஐட்டமும் செலவைக் கூட்டுமே தவிர வயிற்றை நிரப்பாது. ஏழெட்டு வகை வைத்தால் எல்லோரும் எல்லாவற்றிலும் ஒரு கரண்டி எடுத்து, பாதியை இலையில் விடுவார்கள்.

இரண்டு பிள்ளைகளை ஒரு பெரியவராகக் கணக்கிடுங்கள். நம் பட்டியலில் அசைவம் சாப்பிடுபவர்கள் 18 பெரியவர்கள், 10 பிள்ளைகள், ஆக 23 பங்கு. சைவம் 7 பெரியவர்கள், 5 பிள்ளைகள், ஆக ஒன்பதரை. ஒரு கிலோ அரிசி, ஒரு கிலோ கோழி போட்டுச் செய்த பிரியாணி 8 முதல் 10 பேருக்கு வரும். முட்டையும் தயிர் சாதமும் கூட இருப்பதால் 10 என்றே எடுக்கலாம். கோழி பிரியாணி இரண்டரைக் கிலோ அரிசி, காய்கறி பிரியாணி ஒரு கிலோ அரிசி.

கோழி பிரியாணியை மாஸ்டரிடம் ஆர்டர் கொடுங்கள். இரண்டரைக் கிலோவுக்காக அண்டாவை வாடகைக்கு எடுத்து, விறகோ பெரிய அடுப்போ தேடி, கூலிக்கு ஆள் வைப்பது கட்டாது. ஐந்து கிலோவைத் தாண்டினால்தான் ஆள் வைப்பதில் லாபம். ஆர்டர் கொடுக்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: "ஒரு கிலோன்னா அரிசியா, வெந்த பிரியாணியா?" இந்த ஒரு குழப்பத்தில்தான் பல விழாக்களில் சட்டி காலியாகிறது. ஒரு கிலோ அரிசியில் செய்த பிரியாணி, கறியும் மசாலாவும் சேர்ந்து நாலு கிலோவை நெருங்கும். வெந்த பிரியாணி ஒரு கிலோ என்றால் மூன்று பேருக்குத்தான் காணும். அடுத்து: கிலோவுக்கு எத்தனை பீஸ், சீரகச் சம்பாவா பாஸ்மதியா, எத்தனை மணிக்குத் தம் போடுவார், கத்தரிக்காயும் தயிர் வெங்காயமும் சேர்த்தியா தனியா, சட்டியை எப்போது திருப்பித் தர வேண்டும். கிலோ அரிசிக்கு 1,600 என்று வைத்தால் 4,000. பாதி முன்பணம் கொடுத்து, பேசிய விவரம் முழுவதையும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பிவிடுங்கள்.

ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். ஐந்து மணிக்கே வந்த பிரியாணி பந்தி வரைக்கும் சட்டிச் சூட்டில் வெந்துகொண்டே இருக்கும், அரிசி உடையும். சூடும் மெல்ல மெல்ல இறங்கும். கறி வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடப்பதுதான் வயிற்றுக்கு ஆபத்து. சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரிட்ஜில் இருக்க வேண்டும்.

காய்கறி பிரியாணியை வீட்டில் செய்யலாம், பெரிய குக்கர் இருந்தால் போதும். ஒரு கிலோ சீரகச் சம்பாவை 20 நிமிடம் ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். கேரட், பீன்ஸ், உருளை, பட்டாணி எல்லாமாக முக்கால் கிலோ. வெங்காயம் அரைக்கிலோ, தக்காளி கால் கிலோ, தயிர் ஒரு டம்ளர். தண்ணீர் ஒரு டம்ளர் அரிசிக்கு ஒன்றே முக்கால் டம்ளர். வழக்கமான இரண்டு டம்ளர் ஊற்றினால், காயும் தயிரும் விடும் தண்ணீர் சேர்ந்து குழைந்துவிடும். சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி, கோழிச் சட்டிக்கு எட்ட. ஒரே கரண்டி இரண்டு சட்டிக்குள்ளும் போவதைப் பார்த்துவிட்டால் சைவக்காரர் தயிர் சாதத்தோடு எழுந்துவிடுவார்.

முட்டை 30. தட்டு நிறைந்து தெரிய இதைவிட மலிவான வழி கிடையாது. பிள்ளைகள் பலர் காரமான பிரியாணியை ஒதுக்கிவிட்டு முட்டையும் தயிர் சாதமுமாகவே முடித்துக்கொள்வார்கள்.

தயிர்ப் பச்சடிக்கு இரண்டரை லிட்டர் தயிர், ஒரு கிலோ வெங்காயம். வெங்காயத்தை மதியமே நறுக்கி மூடி பிரிட்ஜில் வைக்கலாம். தயிரோடு கலப்பதும் உப்புப் போடுவதும் பந்திக்குக் கால் மணி நேரம் முன்புதான். முன்னதாக உப்புப் போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டு, பச்சடி மோராகிவிடும்.

தயிர் சாதத்துக்கு 600 கிராம் பச்சரிசி போதும். நாலு பங்கு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைத்து, சூட்டோடு மசித்து, முக்கால் லிட்டர் காய்ச்சிய பால் ஊற்றி, நன்றாக ஆறியபின் 400 மில்லி தயிர். பால் அதிகம், தயிர் குறைவு என்பதுதான் சூட்சுமம். நாலு மணிக்குச் செய்தது எட்டு மணிக்குப் புளிக்காது. அதற்குள் இறுகிவிடும், ஆகவே கால் லிட்டர் பாலைக் காய்ச்சித் தனியாக வைத்திருந்து பரிமாறும் முன் கலந்துகொள்ளுங்கள்.

கேசரிக்கு அரைக்கிலோ ரவை. "40 பேருக்கு இது எப்படிப் போதும்?" என்று வீட்டில் கேட்பார்கள். அரைக்கிலோ ரவை, 2 லிட்டர் தண்ணீர், 850 கிராம் சர்க்கரை, 250 கிராம் நெய் சேர்ந்தால் மூன்று கிலோவுக்கு மேல் கேசரி வரும். தலைக்கு 80 கிராம். கேக் வேறு இருக்கிறது. ரவையை நெய்யில் மணம் வர வறுத்து, தளதளவென்று கொதிக்கும் தண்ணீரில் ஒரு கையால் தூவி மறு கையால் கிளறுங்கள். கட்டி தட்டினால் தண்ணீர் கொதி வரவில்லை என்று பொருள். ரவை முழுதாக வெந்தபின்தான் சர்க்கரை. முன்பே போட்டால் ரவை அதற்கு மேல் வேகாது, பல்லில் நறநறக்கும். சர்க்கரை போட்டதும் இளகும். பயந்து ரவை சேர்க்காதீர்கள், அதுவே இறுகிவரும்.

வந்தவுடன் கொடுக்க எலுமிச்சை ஜூஸ்: 20 முதல் 25 பழம், ஒரு கிலோ சர்க்கரை, 8 லிட்டர் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. விதையைச் சேர்த்துப் பிழிந்து வைத்தால் கசக்கும். கூடவே ஒரு கிலோ மிக்சர். குடிக்க, சமைக்க எல்லாமாக 20 லிட்டர் கேன் மூன்று. கேன் கவிழ்க்கும் ஸ்டாண்டு மாடியில் இருக்கிறதா என்று பாருங்கள், பாதி விழாக்களில் அது சமையலறையிலேயே இருந்துவிடும்.

இலையா, தட்டா? பந்தி மேசை போட்டால் வாழை இலை. நின்று சாப்பிடுவதானால் பாக்கு மட்டைத் தட்டு. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் தெர்மாகோல் தட்டும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்யப்பட்ட 14 பொருட்களில் அடங்கும். கடையில் கிடைக்கிறது என்பதால் வாங்கிவிடாதீர்கள். டம்ளருக்கு வீட்டு எவர்சில்வரும் பக்கத்து வீட்டு எவர்சில்வரும் போதும். அடையாளத்துக்கு அடியில் நெயில் பாலிஷ் பொட்டு வையுங்கள்.

கேக்

கேக் வெட்டுவதற்கு வேறு, கொடுப்பதற்கு வேறு என்று பிரித்துவிட்டால் கணிசமாக மிச்சமாகும். ஒரு கிலோ கேக் 50, 60 கிராம் துண்டாக 16 முதல் 20 வரை வரும். 40 பேருக்கு இரண்டு கிலோ வேண்டும். அத்தனையும் டிசைன் கேக்காக வாங்குவதற்குப் பதில், படத்துக்கு ஒரு கிலோ ஃப்ரெஷ் கிரீம் கேக், பகிர ஒரு கிலோ சாதா பிளம் அல்லது வெண்ணெய் கேக். சாதா கேக்கை முன்பே துண்டு போட்டு வைத்துவிடலாம். கேக் வெட்டியதும் தட்டு நீட்டும் கூட்டத்தின் நெரிசலும் குறையும்.

பொம்மை உருவம் செய்த ஃபாண்டன்ட் கேக்கில் எடையின் பெரும்பகுதி மேலே போர்த்திய சர்க்கரை மாவு. எல்லோரும் அதை உரித்துத் தட்டு ஓரத்தில் வைப்பார்கள். உரித்துப் போடுவதற்கா கிலோ கணக்கில் காசு? குழந்தைக்குப் பிடித்த உருவம் வேண்டுமானால் சின்னப் பிளாஸ்டிக் பொம்மையை மேலே நிறுத்துங்கள், விழா முடிந்து அதுவே விளையாட்டுப் பொருள்.

ஐந்து நாள் முன்பு ஆர்டர். முட்டை சேர்த்ததா, சேர்க்காததா என்று ரசீதிலேயே எழுதச் சொல்லுங்கள். பெயரை வாயால் சொல்லாமல் தாளில் எழுதிக் கொடுங்கள். ஃப்ரெஷ் கிரீம் நம் வெயிலில் ஒரு மணி நேரம் தாங்காது, 5.30-க்கு எடுத்து வந்து பிரிட்ஜில் வைத்து, வெட்டுவதற்குக் கால் மணி முன்பு மாடிக்கு ஏற்றுங்கள். பிரிட்ஜில் பெட்டி நுழையுமா என்று முந்தைய நாளே அளந்துகொள்ளுங்கள். காரில் மடியில் வைப்பதைவிடக் காலடியில் சமமான தரையில் வைப்பது நல்லது, மடி சாய்வு.

மெழுகுவர்த்தி, கத்தி, தீப்பெட்டி மூன்றையும் ஒரே கவரில் போட்டு கேக் மேசையிலேயே வைத்துவிடுங்கள். எல்லோரும் கூடி நிற்கும்போது தீப்பெட்டி தேடி ஒருவர் இரண்டு மாடி இறங்குவது தவறாமல் நடக்கும். விளக்கை ஊதி அணைப்பது பிடிக்காத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், முதலில் குத்துவிளக்கை ஏற்றவைத்து, கேக் வெட்டி, பிறகு ஆரத்தி. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டைத் தயாராக வையுங்கள்.

மாடி, அலங்காரம்

மாடியைப் பகலில் மட்டும் பார்த்துத் திட்டமிடாதீர்கள், ஒரு நாள் மாலை 7 மணிக்கு ஏறிப் பாருங்கள். காற்று எந்தப் பக்கம், வெளிச்சம் எங்கே போதவில்லை, கைப்பிடிச் சுவர் எத்தனை உயரம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சுவர் ஐந்து வயதுப் பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே இருந்தால் மாடி வேண்டாம், வாசலோ ஹாலோ போதும். சுவரை ஒட்டி நாற்காலியும் போடக் கூடாது, அது ஏணி.

அலங்காரத்தை மாடிப்படி அறையின் சுவரில் செய்யுங்கள், காற்று மறைவு அங்கேதான். பின்னணித் துணி வாடகைக்கு எடுக்க வேண்டாம். ஒரே நிறத்தில் ஒரு புடவையைக் கொசுவி, கயிற்றில் துணிக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு, ஓரத்தில் ஒரு சீரியல் செட். படத்தில் அருமையாக விழும். குழந்தையின் பெயரைக் கலர் சார்ட்டில் வெட்டி நூலில் கோத்துவிடலாம். 100 மைக்ரானுக்குக் குறைவான பிவிசி பேனரும், அலங்காரத் தெர்மாகோலும், பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சியும் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடையில் உள்ளவை.

பலூன் 100 போதும், கைப் பம்பு ஒன்று கட்டாயம். வாயால் ஊதினால் இருபதாவது பலூனில் தலை சுற்றும். முழுதாக ஊதாமல் முக்கால் பங்கோடு நிறுத்துங்கள். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரியும், இழுபட்ட ரப்பர் சூட்டில் தளரும், சுடும் தளத்தில் பட்டதும் பட்டாசாக வெடிக்கும். நாலரை மணிக்குத் தளத்தில் தண்ணீர் தெளித்து, ஐந்துக்கு மேல் கட்டத் தொடங்குங்கள். ஹைட்ரஜன் நிரப்பிய பலூனை மாடியில் ஏற்றவே வேண்டாம், நெருப்புப் பட்டால் தீப்பந்தாகும். நுரை ஸ்பிரேயும் அப்படியே: அதைப் பீய்ச்சித் தள்ளும் வாயு எளிதில் பற்றக்கூடியது, மெழுகுவர்த்திக்கு முன்னால் அடித்தால் குழந்தையின் முகத்தில் தீ. வாங்கி வருபவர்களிடம் சிரித்தபடியே வாங்கி உள்ளே வைத்துவிடுங்கள். வெடித்த பலூன் துண்டுகளை உடனுக்குடன் பொறுக்க ஒரு ஆள் வேண்டும். சின்னக் குழந்தைகள் வாயில் போட்டால் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

வாடகைக் கடையில் 30 நாற்காலி, 3 மேசை, ஒரு பெரிய பேசின், நான்கு கரண்டி, இரண்டு எல்இடி ஃபோகஸ் விளக்கு. 40 பேருக்கு 30 நாற்காலி போதும், பிள்ளைகள் உட்காரப்போவதில்லை. விலை பேசும்போது "மாடியில் ஏற்றி இறக்கும் கூலி சேர்த்தா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் வந்து இறக்கிய பிறகு தனியாகக் கேட்பார்கள், அப்போது பேரம் பேச முடியாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுவர் ஓரமாகவே கொண்டுபோய் டேப் ஒட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வைப்பதானால் மழைக்கு ஹாலைக் காலி செய்து வைத்திருங்கள். தார்ப்பாய் காற்றில் நிற்காது.

விளையாட்டு, ரிட்டர்ன் கிஃப்ட்

15 பிள்ளைகளைச் சும்மா விட்டால் கேக் மேசைதான் மைதானம். 6 முதல் 6.40 வரை விளையாட்டு, பொறுப்புக்கு கல்லூரி படிக்கும் அக்காவோ சித்தப்பாவோ ஒருவர். மாடியில் ஓடிப் பிடிக்கும் விளையாட்டு வேண்டாம். உட்கார்ந்தபடி பொட்டலம் கைமாற்றுவது, யானைக்கு வால் வரைவது, வளையம் எறிவது, இடம் இருந்தால் "பூப்பறிக்க வருகிறோம்". ஒவ்வொன்றும் பத்து நிமிடம், அதற்கு மேல் போனால் அழுகை. ஜெயித்தவருக்கு மட்டும் பரிசு என்றால் தோற்ற 14 பேரையும் நீங்கள்தான் சமாதானப்படுத்த வேண்டும். எல்லோருக்கும் ஒரு பென்சில், ஜெயித்தவருக்கு இரண்டு.

ரிட்டர்ன் கிஃப்ட்டை மொத்தக் கடையில் வாங்கினால் டஜன் கணக்கில்தான் தருவார்கள். 15 பிள்ளைகளுக்கு ஒன்றரை டஜன், அதாவது 18. மூன்று மிச்சம் சரியாகத்தான் இருக்கும், யாராவது ஒரு தம்பியோ தங்கையோ கூட வருவார்கள். ஒன்றுக்கு 80 ரூபாய் என்றால் 1,440. சென்னையில் பாரிமுனை, சௌகார்பேட்டைத் தெருக்கள், கோவையில் டவுன்ஹால் பகுதி, திருச்சியில் சின்னக்கடை வீதி போன்ற இடங்களில் ஒரு வார நாள் காலையில் போனால் கடைக்காரர் நின்று காட்டுவார். பத்து உருப்படி சேர்ந்த பிளாஸ்டிக் பொட்டலத்தைவிட உருப்படியான ஒரு பொருள் மேல்: சின்ன எவர்சில்வர் சம்படம், ஜாமெட்ரி பாக்ஸ், அல்லது நேஷனல் புக் டிரஸ்ட் போன்ற பதிப்பகங்களின் விலை குறைந்த படக்கதைப் புத்தகம். கொடுப்பது கிளம்பும்போது வாசலில். முன்பே கொடுத்தால் மாடி முழுவதும் பிரித்த காகிதம், "எனக்கு வேற கலர்" என்று சண்டை.

அன்றைய நாள்

சனிக்கிழமையே வெங்காயம், காய், மளிகை வீட்டில் இருக்க வேண்டும். ஞாயிறு காலை சந்தை நெரிசலில் மாட்டாதீர்கள். ரிட்டர்ன் கிஃப்ட்டைக் கவரில் போடுவது, பெயர்த் தோரணம், சீரியல் செட் சோதனை எல்லாம் அன்று இரவே முடியட்டும்.

ஞாயிறு மதியம் 1 முதல் 3 வரை பிறந்தநாள் குழந்தை தூங்க வேண்டும். இதைப் பல வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். தூங்காத பிள்ளை ஆறே முக்காலுக்கு, எல்லா கேமராவும் தூக்கியிருக்கும் நேரத்தில், அழுதுகொண்டு நிற்கும். அதே காரணத்துக்காக நல்ல படங்களை 5.45-க்கே, கூட்டம் வரும் முன் எடுத்துவிடுங்கள். மாலை வெளிச்சமும் அப்போது இதமாக இருக்கும். போன் கேமராவின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு, வெளிச்சம் குழந்தையின் முகத்தில் விழும்படி நில்லுங்கள். படம் எடுப்பவர் ஒருவர்தான் என்று முன்பே சொல்லிவைத்தால், வீட்டுக்காரர் நாள் முழுக்க போனும் கையுமாக அலைய வேண்டியதில்லை.

3 மணிக்குக் கேசரியும் தயிர் சாதமும். 4-க்கு நாற்காலி இறங்கும், எண்ணி வாங்குங்கள். 4.30-க்குத் தளத்தில் தண்ணீர். 5-க்கு அலங்காரம், 5.30-க்கு கேக் எடுக்க ஒருவர். 5.45-க்குக் காய்கறி பிரியாணியை அடுப்பில் ஏற்றினால் சரியாக இருக்கும். 7-க்கு மாஸ்டரின் சட்டி வந்ததும் மூடியைத் திறந்து பார்த்து, அடிவரை ஒரு கரண்டி விட்டு வெந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணம் கொடுங்கள். 7.30-க்குப் பிள்ளைகள் பந்தி முதலில், பெரியவர்கள் அடுத்து. பிரியாணியை வந்தவர்களே அள்ளிக்கொள்ள விடாமல் ஒருவர் நின்று பரிமாற வேண்டும். தாராளமாகப் போடட்டும், ஆனால் கறி எல்லோருக்கும் போய்ச் சேருவது அந்தக் கரண்டியில்தான் இருக்கிறது. தானே அள்ளினால் முதல் பத்துப் பேர் இலையில் கோழி, கடைசிப் பத்துப் பேருக்கு வெறும் குஸ்கா.

மிஞ்சிய பிரியாணியைச் சட்டியோடு இரவு முழுக்க மூடி வைக்காதீர்கள். அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து டப்பாவில் போட்டு பிரிட்ஜுக்கு. இரண்டு டப்பாவைக் கிளம்பும் உறவினர் கையிலேயே கொடுத்துவிடலாம். தயிர்ப் பச்சடி மிஞ்சினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

வாடகைப் பாத்திரத்தை அன்று இரவே புளி போட்டுத் தேய்த்து வையுங்கள். கழுவாமல் கொடுத்தால் முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். கரண்டி நான்கும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஒன்று நிச்சயம் தயிர் சாதப் பாத்திரத்துக்குள் கிடக்கும்.